ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடத் தாம்பத்தியம்

ஷாகிரும் அவன் மனைவி ஷைஸ்தாவும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள் என்ற செய்தி ஷாகிருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றேகால் மணிக்கு, செம்பூரில், ஓர் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் தெரியவந்தது. அந்த நேரத்தில் ஷைஸ்தா திருநெல்வேலிச் சீமையில் தாழைக்கோட்டை என்ற ஊரில், நான்கு மாத வயிற்றோடு, ஒரு மளிகைக் கடைத் தராசைச் சோதித்துக்கொண்டிருந்தாள். தானும் புருஷனும் சேர்ந்து வாழ்வது அவளுக்கும் அதுவரை தெரியாது.

இருவரும் தேசிய அளவை முத்திரைக் கழகத்தின் ஊழியர்கள். கடைக்காரர்கள் கிலோவுக்கு எத்தனை கிராம் அமுக்குகிறார்கள் என்று கண்டுபிடித்து, ஒழுங்கான தராசுக்கு முத்திரை குத்துவது கழகத்தின் பணி. 'இம்மியும் பிசகோம்' என்று வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருப்பார்கள். அந்தப் பித்தளையைப் புளி போட்டு விளக்குவதற்கென்றே ஒரு நிரந்தர ஊழியர் உண்டு. கழகத்தில் உருப்படியாக வேலை செய்பவர் அவர் ஒருவர்தான் என்று சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

ஷாகிர் அங்கே தலைமை அலுவலகத்தில் உதவியாளர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் அப்துல் வாஹிதின் ஒரே மகன். மகனுக்கு வேலை கிடைத்தபோது வாப்பா சந்து முழுக்கப் பிரியாணி போட்டார். ஷைஸ்தா தாணேக்காரி. கல்யாணமான ஆறாம் மாதம் அவளுக்கும் அதே கழகத்தில் வேலை கிடைத்தது, தாழைக்கோட்டையில். "வருசத்துக்குள்ள இங்கன மாத்திருவாங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால், கழகத்தில் வேலை பார்க்காத எல்லோரும்.

மாற்றல் பிரிவின் தலைவர் ஜகந்நாதன் நல்ல மனிதர். மாதுங்காவிலிருந்து டிபன் டப்பாவும் நெற்றியில் சந்தனக் கீற்றுமாக வருவார். யார் என்ன கேட்டாலும் முகம் சுளிக்காமல், காபி வாங்கிக் கொடுத்து, இல்லை என்பார்.

"உக்காருங்கோ ஷாகிர். உங்க மாற்றல் மனுவை வாசிச்சேன், மனசே கரைஞ்சுபோயிடுத்து. ஆனா பாருங்கோ, பிரிஞ்சிருக்கற தம்பதிக்குத்தான் விதி பதினாலு. நீங்கதான் பிரிஞ்சில்லையே."

"சார், அவ தாழைக்கோட்டையில இருக்கா. நான் தாராவியில இருக்கேன்."

"அது விலாசம். நான் சொல்றது தூரம்."

ஜகந்நாதன் மேசை இழுப்பறையைத் திறந்து, பட்டுத்துணி சுற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார். கழகத்தின் தூர நேர அட்டவணை. புருஷனும் மனைவியும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் வேலை பார்த்தால் அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதாகக் கொள்ளப்படும். எந்த வாகனம் அதிவேகமோ அதன் கணக்கு. அதிவேகம் விமானம். ஆகவே இரண்டு ஊர்களுக்கும் பக்கத்திலுள்ள பிராந்திய விமான நிலையங்களை எடுத்து, நடுவில் கோடு இழுத்து, தூரமும் விமான நேரமும் போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு வலைத்தளத்தில் இரண்டு நிலையங்களின் பெயரைத் தட்டினால் ஒரு விநாடியில் சொல்லிவிடுமாம். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு, ஏற இறங்க அரை மணியைச் சேர்த்துக்கொண்ட கணக்கு. இதை நகலெடுக்கக் கழகத்துக்கு மூன்று வருடம் ஆனது.

"கரஞ்சேவாடி, தாழைக்கோட்டை" என்று ஜகந்நாதன் விரல் வைத்துப் படித்தார். "ஆயிரத்து நூத்தி எழுபத்து மூணு கிலோமீட்டர். விமான நேரம் ஒரு மணி அம்பத்தெட்டு நிமிஷம். ரெண்டே நிமிஷத்துல உள்ளே வந்துட்டேள்! அதிர்ஷ்டசாலிதான்."

"கரஞ்சேவாடி எங்கன சார் இருக்கு?"

"கல்யாண் தாண்டி உள்ளே. மும்பைக்குப் பிராந்திய விமான நிலையம் அதாக்கும்."

"மும்பையிலேயே பெரிய ஏர்போர்ட் இருக்கே சார்."

"அது சர்வதேசம். நீங்க என்ன துபாய்க்கா மாற்றல் கேக்கறேள்?"

ஷாகிர் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ கரஞ்சேவாடிலருந்து தாழைக்கோட்டைக்கு பிளேன் போவுதா சார்?"

"விமானம் போறதுன்னு நான் சொன்னேனா? விமான நேரம்னு சொன்னேன்." ஜகந்நாதன் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "விமானம் வேற, விமான நேரம் வேற. விமானம் வரும், போகும், ரத்தாகும். அதை நம்பி ஒரு நிறுவனம் நடத்த முடியுமா, சொல்லுங்கோ. விமான நேரம் ஸ்திரம்."

காபி நன்றாக இருந்தது. அதைக் குடித்துவிட்டு ஷாகிர் கீழே இறங்கி வந்தான்.

அவனுக்குத் தேவை வெறும் இரண்டு நிமிடம். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ நிமிடங்களை வீணடிக்கிறார்கள். குர்லாவில் லோக்கல் ரயில் சும்மா நிற்கும் நேரத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்தாலே அவன் குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு மேல்முறையீடு எழுதினான். காற்று எதிர்த்து வீசினால் விமானம் மெதுவாகப் போகும் என்றும், அதற்காக இரண்டு நிமிடம் கூட்டித் தரும்படியும் பணிவோடு வேண்டிக்கொண்டான்.

கழகம் அதை அலட்சியப்படுத்தவில்லை. துணைப் பொது மேலாளர் ஷ்யாமளா மேடம் தலைமையில் ஒரு குழு போட்டது. ஜகந்நாதன் அதன் செயலாளர். காற்றை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவாகி, கரஞ்சேவாடிக்கு ஒரு கார் கிளம்பியது. முன்சீட்டில் ஷாகிர். தாணேயில் ஒரு மணி நேரம் நின்று, பிவண்டித் திருப்பத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, செம்பூரிலிருந்து போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆயிற்று.

"மேடம், இங்க வாறதுக்கே மூணரை மணி நேரம் ஆயிட்டே" என்று ஷாகிர் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"அது சாலைப் பயணம். சாலையைப் பத்தி விதியில ஒரு வார்த்தை கிடையாது" என்றார் ஷ்யாமளா மேடம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியபடி.

கரஞ்சேவாடி விமான நிலையம் ஏற்கெனவே இரண்டு முறை திறந்துவைக்கப்பட்டிருந்தது. இரண்டு கல்வெட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஓடுபாதையில் பெண்கள் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். மிளகாய் இல்லாத பாதியில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. குழு நிழலில் நின்று, கைக்குட்டையை உயர்த்திப் பிடித்துக் காற்றைச் சோதித்தது. பிறகு மேடம் பந்து வீசிக்கொண்டிருந்த இளைஞனைக் கூப்பிட்டு இந்தியில் விசாரித்தார்.

"இங்கே பிளேன் எப்பவாவது லேட்டா வந்திருக்கா?"

அவன் யோசித்துப் பார்த்து, "கபி நஹி, மேடம்" என்றான். ஒருதடவைகூட இல்லையாம்.

'விமானங்கள் ஒருமுறைகூடத் தாமதமாக வந்ததில்லை என்பதை உள்ளூர் மக்கள் ஒருமனதாக உறுதி செய்தனர்' என்று ஜகந்நாதன் குறித்துக்கொண்டார். காற்றைப் பற்றி மேடம் காரில் திரும்பும்போது விளக்கினார். "எதிர்க்காத்துன்னு ஒண்ணு இருந்தா, திரும்பி வரும்போது அதுவே பின்காத்து. அப்போ நேரம் குறையும். அந்தக் கணக்கையும் எடுத்தா நீங்க இப்போ இருக்கறதைவிடவும் நெருக்கமா வாழறதா ஆயிடும் ஷாகிர். அது வேணுமா உங்களுக்கு?"

வேண்டாம் என்றான் ஷாகிர்.

அடுத்த மாதம் கழகத்தின் நிறுவன தினம். மாதுங்காவில் ஒரு மண்டபத்தை எடுத்து, அட்டவணையால் ஒன்று சேர்க்கப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு தம்பதிகளைக் கௌரவித்தார்கள். மும்பையில் கிடைத்தது முப்பது பேர்தான். ஒவ்வொருவரையும் மேடையேற்றி, பக்கத்தில் துணைக்கு ஒரு காலி நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மேலாண்மை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"மற்ற நிறுவனங்களில் மாற்றல் கேட்டு மனைவிமார் கண்ணீர் விடுகிறார்கள். நம் கழகத்தில் இந்த ஆண்டு பிரிந்து வாழும் தம்பதிகளின் எண்ணிக்கை பூஜ்யம்! போன ஆண்டு இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரே ஒரு மாற்றல்கூடப் போடாமல் இதைச் சாதித்திருக்கிறோம். குடும்பம் என்பது மனதில் இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாங்கள் அதை ஒரு புத்தகத்தில் போட்டோம்."

கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. பிறகு ஆளுக்கு ஒரு மாலை, நாற்காலிக்கு ஒரு மாலை. தம்பதிக்கு ஒரு பிரஷர் குக்கர். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்துல் வாஹிதுக்கு அந்த மாலை போட்ட நாற்காலியைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. விருட்டென்று எழுந்துவிட்டார்.

"ஏல ஷாகிரு! எம் மருமவ உசுரோட இருக்காடா! இவனுவ என்னத்த நாற்காலிக்கு மாலை போடுதானுவ? கழத்துல அத மொதல்ல!"

ஷாகிர் கழற்றவில்லை. இயக்குநர் படமெடுத்துக்கொள்ளப் பக்கத்தில் நின்றிருந்தார். மறுநாள் போனில் விஷயத்தைச் சொன்னபோது ஷைஸ்தா ரொம்ப நேரம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒன்று கேட்டாள். "குக்கரு யாருக்கு? உங்களுக்கா எனக்கா? நாம ஒரே வீட்ல இருக்கோம்னா எனக்கும் அதுல சோறு பொங்கணும்லா?" அதன் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

ஆறாம் மாதத்தில் டாக்டர் ஷைஸ்தாவைப் படுக்கையில் போட்டுவிட்டார். ரயில், பஸ், ஆட்டோ எதுவும் கூடாது, அலுங்காமல் இருக்க வேண்டும் என்றார். அவள் உம்மா ஷமீமா தாணே வீட்டைப் பூட்டிக்கொண்டு துணைக்குப் போனார். ஆபரேஷன்தான் என்று முடிவாகி, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாள் குறித்தார்கள். ஷாகிருக்கு இருந்தது ஒரே ஆசை. பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்வது தானாக இருக்க வேண்டும். பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லலாம், உறவில் யாரும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளை உலகத்தில் கேட்கும் முதல் வார்த்தை தன் குரலில் இருக்க வேண்டும் என்று அவன் பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். மாற்றலைக்கூட விட்டுவிட்டான். அந்த ஒரு நாள் போதும்.

விடுப்பு கேட்டு ஜகந்நாதன் முன்னால் போய் நின்றான்.

"மகப்பேற்று உதவி விடுப்பு மனைவி வெளியூர்ல இருக்கறவாளுக்குத்தான். உங்களுக்குப் பொருந்தாது" என்றார் அவர். "சாதாரண விடுப்பு, வருஷாந்திரச் சோதனை முடியறவரைக்கும் யாருக்குமே இல்லை. ஆனா நான் மனுஷன்தானே? திங்கட்கிழமை அரைநாள் தரேன். ஒம்பதரை டு ஒண்ணரை."

"அரைநாள்ல நான் எப்படி சார் போய்ட்டு வர?"

ஜகந்நாதன் கால்குலேட்டரை எடுத்தார். "போக ஒண்ணு அம்பத்தெட்டு. வர ஒண்ணு அம்பத்தெட்டு. மொத்தம் மூணு அம்பத்தாறு. நாலு மணி நேரத்துல பாக்கி நாலு நிமிஷம் இருக்கே."

"சார், எங்கள்ல பொறந்த பிள்ளை காதுல பாங்கு சொல்லணும். அதுக்குத்தான் நான் போணும்கேன்."

"அப்படியா? அதுக்கு எத்தனை நேரமாகும்?"

"நிறுத்தி நிதானமாச் சொன்னா, மூணு நிமிசம்."

ஜகந்நாதனின் முகம் மலர்ந்துவிட்டது. அதில் பொய்யே இல்லை. அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "பின்னே என்ன! தாராளமா ஒரு நிமிஷம் மிச்சமிருக்கே! குழந்தை யாரைக் கொண்டிருக்குன்னு பார்த்துட்டு வாங்கோ."

உத்தரவு சாயங்காலமே தட்டச்சாகி வந்தது. கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'ஊழியர் அட்டவணையில் கண்ட விமான நிலையங்களின் வழியே மட்டுமே பணிக்குத் திரும்ப வேண்டும். ரயில், பேருந்து முதலிய தாமத வாகனங்களில் திரும்புவது கழகத்தின் அட்டவணையை அவமதிப்பதாகும். ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.' ஷாகிர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சனி ஞாயிறு கழகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை மதுரைக்கு விமானம் பிடித்து, இரண்டு பஸ் மாறி, இருட்டும்போது தாழைக்கோட்டை போய்ச் சேர்ந்தான். திங்கட்கிழமை பத்து ஐம்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. துடைத்து, துணியில் சுற்றி, ஷமீமா அதைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தபோது ஆஸ்பத்திரிக் கடிகாரம் பதினொன்று இருபத்தெட்டு. அட்டவணைப்படி அவன் சரியாக அப்போதுதான் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

பிள்ளையின் வலது காதருகே குனிந்து பாங்கு சொன்னான். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முடித்தபோது மூன்று நிமிடம் ஆகியிருந்தது. கழகம் கொடுத்த பாக்கி ஒரு நிமிடத்தில் அவன் தன் மகளைப் பார்த்தான். அது கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விட்டது. அந்த ஒரு நிமிடத்துக்குள் ஷாகிருக்கு அழுகை வந்தது, பிறகு அவன் வாழ்நாளில் வராத கோபம் வந்தது. உத்தரவை வெளியே எடுத்து இன்னொரு தடவை படித்தான். கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தான். ஷைஸ்தாவிடம் போய், "நான் உத்தரவுப்படிதான் திரும்பப் போறேன்" என்றான். மயக்கம் தெளியாத அவளுக்கு அது சந்தோஷமான செய்தி என்று விளங்கவில்லை.

சாயங்காலம் தாழைக்கோட்டை விமான நிலையத்துக்குப் போனான். கண்ணாடி மாளிகை. உள்ளே ஏழெட்டு ஆடுகள். காவலர் பூதத்தான் நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, மும்பை பிளேன் எப்ப வரும்?"

பூதத்தான் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எய்யா, நீரு நல்லாத்தான இருக்கேரு?"

"நான் பயணி அண்ணாச்சி. காத்துக்கிடக்கேன்."

"கட்டி எட்டு வருசமாவுது, இன்னிக்குத்தான் ஒரு பயணி வந்திருக்காரு" என்று பூதத்தான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பயணிகள் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். அதில் எலி கடிக்காத பக்கத்தைத் தேடிக் கையெழுத்து வாங்கி, 'விமானம் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். ஷாகிர் அதைப் படமெடுத்துச் செம்பூருக்கு அனுப்பினான்.

மறுநாள் காலையிலும் போனான், கையெழுத்துப் போட்டான், படம் அனுப்பினான், ஒன்பதரைக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து மகளைத் துடைக்க வெந்நீர் கொண்டுவந்தான். மூன்றாம் நாள் ஜகந்நாதன் போனில் வந்தார்.

"என்ன ஷாகிர் இது? அரைநாள்னா அரைநாள்தான். உடனே கிளம்பி வாங்கோ!"

"ஏர்போர்ட்லதான் சார் நிக்கேன். பிளேன் வரல."

"பஸ்ஸைப் பிடிச்சு மதுரைக்கு வாங்கோளேன்!"

"பஸ்ல வந்தா ஒழுங்கு நடவடிக்கைன்னு நீங்கதான சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுமில்லாம, பஸ்ல வந்தா அங்க வந்து சேர ஒரு முழு நாளாவும். அப்போ நானும் எம் பொண்டாட்டியும் ஒரே கூரையில இல்லன்னு ஆயிருமே. கழகத்துக்கு அவமானமில்லையா? நீங்க ஒண்ணு செய்ங்க சார். தாழைக்கோட்டைலருந்து விமானம் கிடையாதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பிருங்க. அடுத்த பஸ்ல ஏறிருதேன்."

அந்த ஒரு வரியை எழுத ஜகந்நாதனுக்கு அதிகாரம் இல்லை. ஷ்யாமளா மேடத்துக்குத் துணிச்சல் இல்லை. இயக்குநரிடம் போனபோது, இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை ஒரே வரியில் பிரிக்கச் சொல்கிறீர்களா, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று அவர் கத்தினார். கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. விமானத்துக்காகக் காத்திருக்கும் ஊழியர் பயணத்தில் இருப்பதாகக் கருதப்படுவார். பயணத்தில் இருப்பவர் பணியில் இருப்பவரே. காத்திருக்கும் நேரம் விமான நேரத்தில் சேராது.

அந்த ஆறு வாரம் போல ஷாகிர் எந்தக் காலத்திலும் சந்தோஷமாக இருந்ததில்லை. மகளுக்கு ராஹிலா என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தது. அப்துல் வாஹித் பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஷாகிர் தினமும் காலையில் மட்டும் போய், ஆடுகளை விலக்கிக் கையெழுத்துப் போட்டான். பதிவேடு கிடுகிடுவென்று நிரம்பியது.

வினையே அந்தப் பதிவேடுதான். மாத முடிவில் பூதத்தான் வழக்கம்போல் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பினார். எட்டு வருடமாகப் பூஜ்யம் என்று போன இடத்தில், இந்த முறை முப்பது என்று போயிற்று. அது யார் யார் மேசைக்கோ ஏறி, தாழைக்கோட்டையில் பயணிகள் தேவை திடீரென்று பெருகிவிட்டதாகவும், மும்பைக்குப் போக ஜனங்கள் தினமும் காத்துக்கிடப்பதாகவும் முடிவானது. நாற்பத்தேழாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், ககன்தாரா என்ற புதுக் கம்பெனியின் விமானம் தாழைக்கோட்டையில் வந்து இறங்கியது.

ஊரே திரண்டிருந்தது. வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வைத்து, புதிதாக ஒரு கல்வெட்டையும் திறந்தார்கள். ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. வந்தவர்களெல்லாம் பார்க்க வந்தவர்கள். சட்டைப்பையில் உத்தரவோடு நின்றவன் ஷாகிர் ஒருவன். ஏறாவிட்டால் வேலை போய்விடும் என்று ஜகந்நாதன் காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டார். வேலியோரம் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற ஷைஸ்தாதான் அவனுக்குத் தைரியம் சொன்னாள்.

"போய்ட்டு வாங்க. இப்பத்தான் நெஜமாவே பிளேன் வந்துட்டுல்லா? நாளைக்குச் சனிக்கிழமை. காலையில ஏறுனா மத்தியானம் சோத்துக்கு இங்க இருக்கலாம். ஞாயித்துக்கெழம சாயந்திரம் திரும்பிப் போங்க. வாராவாரம் வாங்க. இனி என்ன?"

அவள் சொன்னது நியாயம். ஷாகிருக்கே முதன்முறையாக அந்த அட்டவணை மேல் ஒரு மரியாதை வந்தது. நாற்பது இருக்கைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து பறந்து, கரஞ்சேவாடியில் மிளகாயை ஒதுக்கிவைத்த ஓடுபாதையில் இறங்கினான். ஷ்யாமளா மேடம் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தார். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். இம்மியும் பிசகவில்லை. மேடம் கண்கலங்கிவிட்டார். ஷாகிருக்குச் சால்வை போர்த்தி, அட்டவணையின் புதிய பதிப்பு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே சயான் ஸ்டேஷனில் கல்யாண் லோக்கலைப் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஷாகிர் கரஞ்சேவாடிக்கு வந்துவிட்டான். ஒரு பையில் மகளுக்கு இரண்டு கவுனும், வாப்பா தைத்துக் கொடுத்த சின்னத் தோல் செருப்பும் இருந்தன. கட்டடத்துக்குள் கம்பெனிச் சட்டை போட்ட ஓர் இளைஞன் விளம்பரத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மார்பில் கௌசிக் என்று பெயர் இருந்தது.

"தாழைக்கோட்டைக்கு ஒரு டிக்கெட், பாய்."

"சர்வீஸ் பந்த் ஹோ கயா, சார்" என்றான். பிறகு இவன் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினான். "நேத்தோட நிறுத்தியாச்சு. அங்கே பேசஞ்சர் இல்லை."

"நேத்துதான தொடங்கினீங்க?"

"ஆமா சார். அங்கே ஒருத்தர் டெய்லி ஏர்போர்ட்டுக்கு வந்து வெயிட் பண்றார்னு ரிப்போர்ட் வந்துது. அதை நம்பித்தான் ஆரம்பிச்சோம். நேத்து அந்த ஆள் ஃபிளைட் ஏறிப் போயிட்டார். இப்போ அந்தப் பக்கம் டிமாண்ட் ஜீரோ."

"அந்த ஆளு நாந்தான்" என்றான் ஷாகிர்.

கௌசிக் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அப்படியா சார்? ரொம்பக் காத்திருந்தீங்களாமே. நல்லபடியா வந்து சேர்ந்துட்டீங்கல்ல? அதுதான் முக்கியம்."

ஷாகிர் பையோடு வெளியே வந்து வெயிலில் நின்றான். என்ன செய்வது என்று தெரியவில்லை. ரயிலில் போனால் திங்கட்கிழமைதான் போய்ச் சேரலாம், அன்றைக்கே செம்பூரில் கையெழுத்துப் போட வேண்டும். மதுரை விமானத்துக்கு டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டது. தாழைக்கோட்டையில் ஷைஸ்தா மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்திருப்பாள். அப்போது போன் அடித்தது. ஜகந்நாதன், விடுமுறை நாளிலும்.

"ஷாகிர்! உங்களுக்கு நல்ல சேதி. எம்.டி. உங்க ஃபைலை நிரந்தரமா முடிச்சுவைக்கச் சொல்லிட்டார். விமானம் ஓடித்து, ஒண்ணு அம்பத்தெட்டு நிரூபணமாயிடுத்து. இனிமே மாற்றல் மனு குடுக்கற சிரமமே உங்களுக்குக் கிடையாது."

"சார், சர்வீஸ நிப்பாட்டிட்டாங்க சார்."

"விமானத்தைத்தானே நிறுத்தியிருக்கா? நேரத்தை நிறுத்தலையே."

விதியும் அட்டவணையும் எல்லாம் மறந்துபோய், ஷாகிர் சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டுவிட்டான். "சார், நான் வீட்டுக்குப் போணும் சார். எம் பொண்டாட்டி பிள்ளைகிட்ட போணும்."

மறுமுனையில் ஜகந்நாதனின் குரலில் உண்மையான கவலை தெரிந்தது.

"என்ன ஷாகிர், உடம்பு கிடம்பு சரியில்லையா? நீங்க வீட்டிலேதானே இருக்கேள்!"